கேமில் கார் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

ரேஸிங் கேம் ஆடத் தொடங்கியவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "போன சுற்றிலும் இதே வளைவில் இப்படித்தான் திருப்பினேன், ஒழுங்காகப் போனது. இந்தச் சுற்றில் சுழன்று மண்ணில் போய் நிற்கிறது." கேம் வேண்டுமென்றே ஏமாற்றுகிறதோ என்றுகூடத் தோன்றும். கிரான் டூரிஸ்மோ, ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட், அசெட்டோ கோர்சா போல காரின் இயக்கத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் கேம்களில் அப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே நிலையில் ஒரே கட்டளை கொடுத்தால் ஒரே பதில்தான் வரும். ஆனால் நிலை ஒன்றாக இருந்ததா என்பதுதான் கேள்வி. ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவு அதேதான். பிரேக்கிலிருந்து விரலை எடுத்த நேரமும், டயரின் சூடும், ஒரு சக்கரம் ஓரக்கல்லைத் தொட்டதா இல்லையா என்பதும் மாறியிருக்கும். கார் சுழலும் நொடியில் நாம் காரணத்தைத் தேடுகிறோம். அது பெரும்பாலும் ஒரு நொடி முன்பே நடந்து முடிந்திருக்கும்.

டயரிலிருந்து தொடங்குவோம். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை நிறுத்துவது, திருப்புவது, வேகமெடுக்க வைப்பது எல்லாம் அந்த நான்கு சின்னப் பரப்புகள்தான். டயர் பார்க்கும் திசையிலேயே கார் போகும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வளைவில் டயர் ஒரு திசையைப் பார்க்கும், கார் அதிலிருந்து கொஞ்சம் விலகிப் போகும். அந்த விலகலில் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் காரைப் பக்கவாட்டில் தள்ளும் விசையே பிறக்கிறது. இந்த விலகலுக்கு ஸ்லிப் ஆங்கிள் என்று பெயர்.

இங்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். ஸ்லிப் ஆங்கிள் கூடக்கூடப் பிடியும் கூடும். ஆனால் ஓர் எல்லை வரைக்கும்தான். சாதாரணச் சாலை டயரில் அந்த எல்லை 6 முதல் 10 டிகிரி வாக்கில் இருக்கும். அதைத் தாண்டினால் பிடி கூடாது, மெல்லக் குறையவும் தொடங்கும். அதாவது உச்சத்துக்கு முன்னால் "இன்னும் திருப்பினால் இன்னும் திரும்பும்" என்பது விதி. உச்சத்துக்குப் பின்னால் அதே ஸ்டியரிங், அதே டயர், ஆனால் விதி தலைகீழ். புதியவர் என்ன செய்கிறார்? கார் திரும்பவில்லையே என்று கன்ட்ரோலரின் ஸ்டிக்கை இன்னும் தள்ளுகிறார். முன் டயர்கள் இன்னும் அதிகமாகச் சறுக்குகின்றன, கார் நேராகப் போய்ச் சுவரில் இடிக்கிறது. இதுதான் அண்டர்ஸ்டியர். அந்த இடத்தில் ஸ்டிக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் கார் திரும்பத் தொடங்கும். கேட்க விசித்திரமாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். பின் டயர்கள் எல்லையைத் தாண்டினால் வால் வெளியே வீசும், அது ஓவர்ஸ்டியர்.

ஸ்லிப் ஆங்கிள் கூடக்கூடப் பிடி ஏறி இறங்கும் இந்தக் கோட்டை கேம்கள் எங்கிருந்து எடுக்கின்றன? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசேக்கா 1980-களில் சக ஆய்வாளர்களோடு ஒரு சூத்திரம் உருவாக்கினார். சோதனைக்கூடத்தில் அளந்த டயர் விவரங்களோடு அழகாகப் பொருந்தும். ஆனால் அதிலுள்ள எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இயற்பியலில் நேரடி விளக்கம் கிடையாது. அதனால் அதற்கு "மேஜிக் ஃபார்முலா" என்றே பெயர் நிலைத்துவிட்டது. பல கேம்கள் அதையோ அதன் தழுவலையோ பயன்படுத்தியிருக்கின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. அளவைகள் பெரும்பாலும் உச்சத்தைச் சுற்றியுள்ள சிறிய கோணங்களுக்குத்தான் கிடைக்கும். கார் 40 டிகிரி பக்கவாட்டில் கிடக்கும்போது டயர் என்ன செய்யும் என்பதை கேம் செய்பவர்கள் ஓரளவு ஊகித்துத்தான் போட வேண்டும். ஆகவே நன்றாகப் பிடித்து ஓடும் வரை இரண்டு கேம்கள் ஒன்றுபோலவே இருக்கும். சறுக்கத் தொடங்கிய பிறகு ஒன்றில் காரை மீட்க முடியும், இன்னொன்றில் முடியாது. ஒரு கேமில் கற்ற கை வேறு கேமுக்குப் போனதும் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, டயரின் பிடி ஒரு மொத்தத் தொகை. பிரேக்குக்கும் திருப்புதலுக்கும் ஆக்சிலரேட்டருக்கும் அதிலிருந்துதான் பங்கு போக வேண்டும். முழுப் பிடியையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்ப ஒன்றும் மிஞ்சாது. "முதலில் நேராக பிரேக் பிடி, அப்புறம் திருப்பு" என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். கொஞ்சம் கை தேறியவர்கள் வளைவுக்குள் போகப் போக பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைக் கூட்டுவார்கள். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றுக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அந்த மொத்தத் தொகையாவது நிலையாக இருக்குமா என்றால், அதுவும் கிடையாது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்வோமே, காரின் எடையும் அதையேதான் செய்கிறது. பிரேக் பிடித்தால் முன் டயர்கள் சாலையில் அழுந்தும், பின் டயர்கள் லேசாகும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எடை பின்னால் போகும். வளைவில் வெளிப்பக்க டயர்களுக்குப் போகும். எடை ஏறிய டயருக்குப் பிடி கூடும். ஆனால் இரண்டு மடங்கு எடை ஏறினால் பிடி இரண்டு மடங்காவதில்லை, அதற்குக் குறைவாகத்தான் கூடும். ஒரு பக்கம் கிடைத்ததைவிட மறுபக்கம் இழந்தது அதிகம். கார் எவ்வளவு முரட்டுத்தனமாக ஆட்டப்படுகிறதோ அவ்வளவுக்கு மொத்தப் பிடி குறையும்.

இதன் மோசமான வடிவத்தை போர்ஷே 911-இல் பார்க்கலாம். அந்தக் காரில் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவில் வேகம் கூடிவிட்டது என்று பயந்து ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விடுகிறீர்கள் என்று வையுங்கள். எடை முன்னால் பாய்கிறது, பின் டயர்கள் லேசாகின்றன. பின்னால் இருக்கும் இன்ஜினோ வளைவுக்கு வெளியே போகப் பார்க்கிறது. கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை, பிரேக்கையும் தொடவில்லை, விரலை எடுத்தது மட்டும்தான். புதியவரின் கண்ணுக்கு இது காரணமே இல்லாமல் நடந்ததாகத் தெரியும். 1975-இல் வந்த 911 டர்போவில் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். அழுத்தி, ஒன்றும் நடக்காமல், இன்னும் அழுத்தி, பிறகு மொத்த சக்தியும் ஒரே நேரத்தில் பின் சக்கரத்தில் வந்து இறங்கும். பழைய டர்போ கார்களின் இந்தக் குணத்தைக் கேம்களும் விடாமல் வைத்திருக்கின்றன.

ஒரு வளைவைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தடம் பல கேம்களில் இருக்கிறது. நீண்ட நேர்பாதையின் முடிவில் வலம், உடனே இடம் என்று ஒடித்துத் திரும்பும் முதல் ஷிகேன். ஏதோ ஒரு வேகமான பின்சக்கர ரேஸ் காரில் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வருகிறீர்கள். வளைவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டும் பலகைகள் கடக்கின்றன, முழு பிரேக். இதுவரை ஒழுங்கு. இப்போது கியரைக் குறைக்கிறீர்கள், படபடவென்று மூன்று நான்கு முறை. ஒவ்வொரு கீழ் கியரிலும் இன்ஜின் பின் சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. எடை முழுக்க முன்னால் இருக்கிறது, பின் டயர்களிடம் இருப்பதே கொஞ்சம் பிடி. அதில் பிரேக் ஒரு பங்கு, இன்ஜின் இழுவை ஒரு பங்கு. இந்த நிலையில் பிரேக்கை விடுவதற்குள் வலப்பக்கம் திருப்பத் தொடங்கினால் பின் டயருக்கு மூன்றாவது வேலையும் வந்து சேர்கிறது. வால் போய்விடும்.

அதைத் தப்பித்து உள்ளே வந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். குறுக்கே வெட்டுவதற்காக உள் ஓரக்கல்லின் மேல் ஏற்றுகிறீர்கள். உள்பக்கச் சக்கரம் துள்ளுகிறது. காற்றில் இருக்கும் டயருக்குப் பிடி சுத்தமாகக் கிடையாது. அது மீண்டும் தரையைத் தொடும் அதே கணத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இறங்கும் சக்கரம் சுழன்றபடி இறங்கும். போன சுற்றில் ஓரக்கல்லை ஒரு சாண் தள்ளித் தொட்டிருப்பீர்கள், அதனால் ஒன்றும் ஆகவில்லை. "அதே மாதிரிதான் ஓட்டினேன்" என்பதற்குள் இத்தனை வேறுபாடுகள் ஒளிந்திருக்கின்றன.

ஃபார்முலா கார்களில் காற்றும் சேர்ந்துகொள்ளும். இறக்கைகள் தரும் அழுத்தம் வேகத்தின் இருமடியில் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. எனவே வேகமான வளைவில் 200-இல் ஒட்டிக்கொண்டு போகும் கார், 90-இல் எடுக்க வேண்டிய கூர்மையான வளைவில் எளிதாக வழுக்கும். வேகமான வளைவில் கிடைத்த பிடி மெதுவான வளைவிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. முன்னால் போகும் காரின் பின்னே நெருங்கிப் போனால் கலங்கிய காற்றில் இறக்கைக்கு வேலை குறையும், முன் டயர்கள் திரும்ப மறுக்கும். டயர் சூடும் அப்படித்தான். பந்தய டயர்கள் சூடேறாத முதல் சுற்றில் காருக்குப் பாதிக் குணம்தான் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் நிஜக் காருக்கும் பொருந்தும். ஆனால் நிஜக் காரை ஓட்டுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது: வால் நகரத் தொடங்கியதை இடுப்பே சொல்லிவிடும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடையாது. படத்தில் கார் திரும்புவது கண்ணுக்குத் தெரியும்போது சறுக்கல் ஏற்கெனவே முற்றியிருக்கும். அதனால் கேம் காரின் "கணிக்க முடியாத" குணத்தில் பெரும் பங்கு சேதி தாமதமாக வருவதுதான் என்பது என் எண்ணம். ஃபோர்ஸ் ஃபீட்பேக் (டயரின் விசையை மோட்டார் மூலம் கைக்குச் சொல்லும் வசதி) உள்ள ஸ்டியரிங் வீல் வாங்கியவர்கள் திடீரென்று நன்றாக ஓட்டத் தொடங்குவதற்கு இதுவே காரணம். முன் டயர் தன் உச்சப் பிடியை எட்டுவதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங்கை நடுவுக்கு இழுக்கும் விசை குறையத் தொடங்கிவிடும். கையில் கனம் குறைவது ஓர் எச்சரிக்கை. கன்ட்ரோலரில் ஆடுபவர்களுக்கு மிச்சமிருப்பது டயர் கிறீச்சிடும் சத்தம்தான். பாட்டை நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள். லேசான முனகல் என்றால் எல்லைக்கு அருகில் இருக்கிறீர்கள், அலறல் என்றால் தாண்டிவிட்டீர்கள்.

இனி கன்ட்ரோலருக்கு வருவோம். கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக் நகரும் தூரம் ஓரிரு சென்டிமீட்டர்தான். அதில் ஒரு முழு ஸ்டியரிங் சக்கரத்தின் வேலையைத் திணிக்க வேண்டும். அதனால் கேம்கள் நடுவில் ஒரு வடிகட்டி வைக்கின்றன. ஸ்டிக்கைச் சடக்கென்று தள்ளினாலும் சக்கரம் படிப்படியாகத்தான் திரும்பும். வேகம் கூடினால் முழுக்கத் தள்ளினாலும் கொஞ்சம்தான் திரும்பும். ஃபோர்ஸாவில் ஸ்டியரிங்கை "சிமுலேஷன்" என்ற நிலையில் வைத்தால் இந்த உதவியில் பெரும்பகுதி போய்விடும். நிஜம் போல இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு கன்ட்ரோலரில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். அது வீல் வைத்திருப்பவர்களுக்குத்தான் சரிப்படும்.

இந்த வடிகட்டி நல்லது செய்தாலும் ஒரு தொல்லையையும் கொண்டுவருகிறது. வால் வலப்பக்கம் வீசுகிறது, நீங்கள் வலப்பக்கம் திருப்பி எதிர்க்கிறீர்கள். சக்கரம் மெல்லத்தான் திரும்புவதால் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்து ஸ்டிக்கை முழுக்கத் தள்ளுகிறீர்கள். ஒரு கணம் கழித்துப் பின் டயர்கள் பிடித்துக்கொள்கின்றன. இப்போது முன் சக்கரங்கள் முழுக்க வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஸ்டிக்கை விட்டாலும் அவை நடுவுக்கு வர நேரம் எடுக்கும். கார் படாரென்று வலப்பக்கம் வெட்டி, வால் இடப்பக்கம் வீசும். முதல் வீச்சைவிட இந்த இரண்டாவது வீச்சில்தான் பெரும்பாலான கார்கள் போகின்றன. கார் நேராகத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கும்வரை காத்திருக்காமல், வால் வீசுவது நின்ற உடனேயே ஸ்டிக்கைத் திருப்பி எடுத்துவிட வேண்டும்.

கிரான் டூரிஸ்மோ 7-இல் எதிர்த்திருப்பு உதவி என்று ஒரு செட்டிங் உண்டு, கேமே உங்களுக்காக எதிர்ப்பக்கம் திருப்பும். அது இருப்பது தெரியாமல் நீங்களும் திருப்பினால் இரண்டு பேர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்த கதைதான். டிராக்‌ஷன் கன்ட்ரோலும் (சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுப்பது) ஏபிஎஸ்ஸும் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுப்பது) அப்படி அல்ல; அவை தொடக்கத்தில் இருப்பது நல்லது, வெட்கப்பட ஒன்றுமில்லை. சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட நிஜ ஜிடி3 வகைப் பந்தயக் கார்களிலேயே இரண்டும் இருக்கின்றன.

தொலைக்காட்சியையும் சந்தேகப்படுங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளுக்காகப் பல தொலைக்காட்சிகள் படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டும். மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர். பத்தில் ஒரு நொடி தாமதம் இருந்தாலே, நீங்கள் பார்க்கும் கார் 5 மீட்டர் பழைய கார். வால் வீசுவதைப் பார்த்துத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாமதம் கூடவே வரும். தொலைக்காட்சியில் "கேம் மோட்" என்ற ஒரு செட்டிங்கை மாற்றினாலே பலருக்குக் கார் அடங்கிவிடுகிறது.

கேமின் உள்ளேயும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. காரின் நிலையை ஒரு நொடியில் எத்தனை முறை கணக்கிடுகிறது என்பது முக்கியம். திரையில் நொடிக்கு 60 படம் காட்டினாலும் உள்ளே கணக்கு அதைவிட வேகமாக நடக்கலாம். 2023-இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் பற்றி அதன் தயாரிப்பாளர்கள் சொன்னது இது: முன்பு ஒவ்வொரு டயரும் சாலையை ஒரே புள்ளியில் தொடுவதாக வைத்து நொடிக்கு 60 முறை கணக்கிட்டார்கள், புதியதில் எட்டுப் புள்ளிகள், நொடிக்கு 360 முறை. ஒரே புள்ளி என்றால் ஓரக்கல்லின் விளிம்பில் டயர் ஒரு கணம் சமதளத்தில் இருக்கும், அடுத்த கணம் மேலே இருக்கும்; நடுவில் எதுவும் கிடையாது. காருக்குத் திடீர் உதை விழும். எட்டுப் புள்ளிகளில் அது படிப்படியாக ஏறும். சில நேரம் கார் காரணமின்றித் துள்ளியதற்கு உண்மையிலேயே கேம்தான் பொறுப்பு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணக்கின் வேகத்தைப் படத்தின் வேகத்தோடு கட்டிப்போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2013-இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ரைவல்ஸ் நல்ல உதாரணம். கணினிப் பதிப்பு நொடிக்கு 30 படம் என்று பூட்டப்பட்டிருந்தது. ஆடுபவர்கள் பூட்டை உடைத்து 60 ஆக்கியபோது படம் மட்டும் மிருதுவாகவில்லை. கேமே இரட்டை வேகத்தில் ஓடியது.

நீட் ஃபார் ஸ்பீட் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன இயற்பியலில் பெரும்பகுதி, நிஜத்தைவிட விறுவிறுப்பை முக்கியமாக நினைக்கும் இப்படிப்பட்ட ஆர்கேட் கேம்களுக்குப் பொருந்தாது. அங்கே காருக்கு ஏறக்குறைய இரண்டு மனநிலைகள்: ஒட்டி ஓடுவது, டிரிஃப்ட் அடிப்பது, அதாவது பக்கவாட்டில் சறுக்கியபடியே போவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு சைகை வேண்டும். 2019-இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ஹீட்டில் திருப்பியபடியே ஆக்சிலரேட்டரை ஒரு முறை விட்டு அழுத்தினால் கார் டிரிஃப்டுக்குப் போய்விடும். வளைவில் கவனமாக ஓட்ட வேண்டும் என்று ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு அழுத்துபவருக்கு, கார் திடீர் திடீரென்று பக்கவாட்டில் போகும்! எச்சரிக்கைக்காகச் செய்வதே இங்கே தவறான கட்டளை. டிரிஃப்டை பிரேக்குக்கு மாற்றிக்கொள்ள அதன் செட்டிங்கிலேயே வழி இருக்கிறது.

கடைசியாக, காரை நாமே கெடுத்துக்கொள்வது. பரிசுப் பணம் சேர்ந்ததும் முதலில் இன்ஜினைத்தான் மாற்றுவோம். 150 குதிரைசக்திக்கான டயரில் 500 குதிரைசக்தியை ஏற்றினால் அந்த உள்ளங்கை அளவுப் பரப்பு என்ன செய்யும்? முதல் பணம் டயருக்கு, அடுத்தது பிரேக்குக்கு, இன்ஜின் அதற்கப்புறம். இணையத்தில் கிடைக்கும் "வேகமான ட்யூனிங்" எண்களை அப்படியே போடுவதும் ஆபத்து. அவற்றைச் செய்தவர்கள் வால் எப்போதும் லேசாக நகரும் காரை விரும்புபவர்கள். பின் ஆன்ட்டி-ரோல் பாரை (வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) விறைப்பாக்கி, பின் டயர்களின் பிடியைத் தெரிந்தே குறைத்திருப்பார்கள்.

கார் ஏன் சுழன்றது என்பதை நாமே கண்டுபிடிக்கலாம். ரீப்ளேயில் காரைப் பார்க்காமல், திரையின் ஓரத்தில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஸ்டியரிங்கையும் காட்டும் பட்டைகளைப் பாருங்கள். சுழன்ற இடத்திலிருந்து ஒரு நொடி பின்னால் போய்ப் பாருங்கள். பிரேக் பட்டை முழுதாக இருக்கும்போதே ஸ்டியரிங் திரும்பியிருந்தால் வளைவு நுழைவுத் தவறு. ஆக்சிலரேட்டர் பட்டை வளைவின் நடுவில் பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் 911 கதை. ஸ்டியரிங் நேராவதற்குள் பட்டை உச்சிக்கு எகிறியிருந்தால் வெளியேறும்போது அவசரப்பட்டிருக்கிறீர்கள். பட்டைகள் மூன்றும் ஒழுங்காக இருந்து கார் மட்டும் போயிருந்தால் ஓரக்கல், புல், குளிர்ந்த டயர், அல்லது முன்னால் போன காரின் காற்று.

இதைப் பழக மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார் போதும். ஏறக்குறைய ஒரு டன் எடை, பின்சக்கர ஓட்டம், அளவான சக்தி. பெரும்பாலான கேம்களில் இருக்கிறது, கிரான் டூரிஸ்மோவில் ரோட்ஸ்டர் என்ற பெயரில். போட்டி ஓட்டுநர்களே பயிற்சிக்குப் பயன்படுத்தும் ஐரேசிங்கிலும் புதிதாகச் சேருபவர்கள் ஓட்டும் கார்களில் எம்எக்ஸ்-5 கப் கார் ஒன்று. அது எல்லையைத் தாண்டும்போது மெதுவாகத் தாண்டும், சத்தம் போட்டுவிட்டுத் தாண்டும். 600 குதிரைசக்திக் காரும் அதே வரிசையில்தான் தவறுகளைக் காட்டும், பார்க்க நேரம் கொடுக்காது.